ஏம்ஸ் சோதனை: முதல் முறை செய்கிறவருக்கு

நச்சியல் ஆய்வகத்தில் புதிதாகச் சேருகிறவர் கையில் முதலில் வந்து விழும் பெரிய வேலை பெரும்பாலும் ஏம்ஸ் சோதனைதான். ஒரு பொருள் மரபணுவைக் கெடுக்குமா என்று பாக்டீரியாவை வைத்துப் பார்ப்பது அது. கொஞ்சம் பாக்டீரியா, அகார் ஊற்றிய தட்டுகள், ஒரு இன்குபேட்டர், இரண்டு நாள் காத்திருப்பு, பிறகு புள்ளிகளை எண்ணுவது. பிளஸ் டூ செய்முறை வகுப்பு போலத் தெரியும். அந்தத் தோற்றத்தை நம்பித்தான் நாங்கள் எல்லோரும் ஒருமுறையாவது கவிழ்ந்தோம். என் முதல் சோதனையில், அன்றாடம் சமைக்கும் ஒரு கீரையின் சாறு படுபயங்கரமான சடுதிமாற்றி, அதாவது மரபணுவை மாற்றிவிடும் பொருள், என்று முடிவு வந்தது. இரண்டு வாரம் அந்தக் கீரையை வீட்டுக்குள் விடவில்லை. அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

திங்களன்று தொடங்கினால் சனிக்கிழமைக்குள் கையில் எண்கள் இருக்கும். அந்த ஒரு வாரத்தை நாள் நாளாகச் சொல்கிறேன். அதற்கு முன், எதைச் செய்யப் போகிறோம் என்று தெரிந்துகொண்டு செய்வது நல்லது.

பழுதைக் கொண்டு பழுதாக்குபவரைப் பிடிப்பது

புரூஸ் ஏம்ஸ் அமெரிக்க உயிர்வேதியியலாளர். 1928இல் பிறந்து 2024 அக்டோபரில் மறைந்தார். பெதஸ்டாவில் உள்ள தேசிய சுகாதார நிறுவனத்தில் இருந்தபோது, சால்மோனெல்லா பாக்டீரியா ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தை எப்படித் தயாரித்துக்கொள்கிறது என்பதே அவருடைய ஆராய்ச்சி. புற்றுநோய்க்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. 1964இல் உருளைக்கிழங்கு சிப்ஸ் பெட்டி ஒன்றில் அச்சிட்டிருந்த சேர்மானப் பட்டியலைப் படித்தார். இத்தனை ரசாயனங்களில் எது மரபணுவைக் கெடுக்கும் என்று யாராவது பார்த்திருக்கிறார்களா என்ற கேள்வி அவருக்கு எழுந்தது. எலிகளை வைத்துப் பார்க்க ஆண்டுக்கணக்கில் ஆகும். அவருடைய குளிர்பெட்டியிலோ, ஹிஸ்டிடின் தயாரிக்கத் தெரியாமல் போன சால்மோனெல்லா வகைகள் வரிசையாக இருந்தன.

பழுதான பாக்டீரியாவை ஹிஸ்டிடின் இல்லாத தட்டில் பரப்பினால் அது வளராது. ஒரு ரசாயனம் மரபணுவில் கண்டபடி மாற்றங்களை உண்டாக்கினால், கோடிக்கணக்கான பாக்டீரியாக்களில் சிலவற்றில் அந்தப் பழைய பழுது தற்செயலாகச் சரியாகிவிடும். சரியானவை மட்டும் பெருகிப் புள்ளி புள்ளியாகக் காலனி கட்டும். கெடுக்கிற பொருளை, அது தெரியாத்தனமாகச் செய்த நன்மையை வைத்துப் பிடிக்கிறோம். ஒரு தட்டில் பத்துக் கோடி பாக்டீரியாவை விடுகிறோம், அதில் நூறு மீண்டாலும் கண்ணுக்குத் தெரிகிறது. நுண்ணோக்கிகூட வேண்டாம்.

பெர்க்லியில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு மாறிய பிறகு, 1973இல் ஏம்ஸ் குழு இதை முழுச் சோதனையாக வெளியிட்டது. அவர் அதற்குக் காப்புரிமை வாங்கவில்லை. கேட்ட ஆய்வகங்களுக்கெல்லாம் பாக்டீரியாவை இலவசமாக அனுப்பினார். இன்று மருந்து, பூச்சிக்கொல்லி, உணவுச் சேர்க்கை என்று எதைப் பதிவு செய்யப் போனாலும் இந்தச் சோதனை முடிவைக் கேட்கிறார்கள்.

முதலில் தட்டுகளை எண்ணுங்கள்

பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சிக்கான அமைப்பின் 471ஆம் வழிகாட்டு நெறிதான் உலகெங்கும் பின்பற்றப்படுவது. குறைந்தது ஐந்து பாக்டீரியா வகைகள், குறைந்தது ஐந்து அளவுகள். அதோடு கரைப்பான் மட்டும் சேர்த்த தட்டு, சடுதிமாற்றம் செய்யும் என்று முன்பே தெரிந்த பொருளைச் சேர்த்த தட்டு; இவை இரண்டும் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான கட்டுப்பாட்டுத் தட்டுகள். ஆக ஏழு. ஒவ்வொன்றிலும் மூன்று தட்டுகள். இவ்வளவையும் கல்லீரல் நொதிகளோடு ஒருமுறை, இல்லாமல் ஒருமுறை. ஐந்தை ஏழால் பெருக்கி, மூன்றால் பெருக்கி, இரண்டால் பெருக்கினால் 210 தட்டுகள். ஒரே ஒரு பொருளுக்கு.

புதியவர்கள் இந்தக் கணக்கைப் போடாமல் நூறு தட்டு ஊற்றி வைத்துவிட்டு, புதன்கிழமை மதியம் விழிப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். முதல் முறை பழகுகிறவர் டிஏ98, டிஏ100 என்ற இரண்டு வகைகளோடு நிறுத்திக்கொள்ளலாம். 84 தட்டுகள் போதும். கை பதிந்த பிறகு மற்றவை.

அளவைப் பொறுத்தவரை, நஞ்சாகாத, கரையக்கூடிய பொருளுக்கு உச்சவரம்பு ஒரு தட்டுக்கு 5 மில்லிகிராம். அங்கிருந்து ஏறத்தாழ மூன்று மூன்று மடங்காகக் குறைத்துக்கொண்டு வாருங்கள். எந்த அளவில் பாக்டீரியா சாகத் தொடங்குகிறது என்று ஒரே வகையை வைத்து முன்கூட்டியே சின்னதாகப் பார்த்துவிடுவது, பின்னால் ஒரு வாரத்தை மிச்சப்படுத்தும்.

எந்த வகை, ஏன்

மரபணு மூன்று மூன்று எழுத்தாகப் படிக்கப்படுகிறது. தமிழிலேயே எழுதிப் பார்க்கலாம்: மரம் பழம் நிழல். மூன்று சொல், ஒவ்வொன்றும் மூன்றெழுத்து. ஒரு எழுத்து மட்டும் மாறி 'மரம்' 'மறம்' ஆகிவிட்டது என்று வையுங்கள். ஒரு சொல் கெட்டது, மற்றவை பிழைத்தன. டிஏ100, டிஏ1535 ஆகியவற்றில் இருக்கும் பழுது இந்த ரகம். ஓர் எழுத்து மாறியதால் ஹிஸ்டிடின் தயாரிக்கும் புரதத்தில் லியூசின் இருக்க வேண்டிய இடத்தில் புரோலின் வந்துவிட்டது. மறுபடி ஓர் எழுத்து மாறினால்தான் சரியாகும்.

இனி வேறு மாதிரி. முதல் சொல்லின் கடைசி எழுத்து உதிர்ந்துபோகிறது. மூன்று மூன்றாகப் படிக்கும் இயந்திரம் நிற்காது. 'மரப ழம்நி ழல்' என்று படித்துக்கொண்டே போகும். ஓரெழுத்து போனதற்கு வாக்கியமே குலைந்தது. இப்போது இன்னும் இரண்டு எழுத்துகள், 'ப' வும் 'ழ' வும், போகட்டும். என்ன மிஞ்சுகிறது? மரம் நிழல். ஒரு சொல் காணாமல் போனாலும் மீதி சரியாகப் படிக்கிறது. டிஏ98 இந்த ரகம். அதில் ஓரெழுத்து விடுபட்டிருக்கிறது. அருகே இரண்டு எழுத்துகள் மாறி மாறி வரும் ஒரு பகுதியில் இன்னும் இரண்டு உதிரும்போது அது மீள்கிறது. மரபணு ஏணிப்படிகளுக்கு இடையில் செருகிக்கொள்ளும் தட்டையான மூலக்கூறுகளும், மரபணுவில் ஒட்டிக்கொள்ளும் பெரிய வளைய மூலக்கூறுகளும் இதைச் செய்வதில் கெட்டிக்காரர்கள். 1970களில் ஜப்பானில் தகாஷி சுகிமுராவின் குழு, சுட்ட மீனின் கருகிய தோலிலும் புகையிலும் சடுதிமாற்றிகள் இருப்பதைக் கண்டதற்கு இந்த டிஏ98தான் பெரிதும் உதவியது.

டிஏ1537 இதற்கு உறவு. டிஏ102 வேறு வகை எழுத்து ஜோடியில் பழுதுள்ளது. ஆக்சிஜனேற்றச் சேதத்தைக் காட்டிக்கொடுக்கும்.

இந்த வகைகளில் ஏம்ஸ் வேண்டுமென்றே இன்னும் சில குறைகளை ஏற்றினார். பாக்டீரியாவின் வெளியுறையைச் சிதைத்தார்; பெரிய மூலக்கூறுகளும் உள்ளே போகும். டிஏ102 தவிர மற்றவற்றில் மரபணுவைப் பழுதுபார்க்கும் ஒரு மரபணுவை நீக்கினார். சேதம் அப்படியே நிற்கும். அந்த நீக்கம் பக்கத்தில் இருந்த, பயோட்டின் என்ற வைட்டமினைத் தயாரிக்கும் மரபணுவையும் சேர்த்துக் கொண்டுபோய்விட்டது, அதனால்தான் தட்டில் நாம் பயோட்டினும் சேர்க்கிறோம். டிஏ98, டிஏ100, டிஏ102 மூன்றிலும் பிகேஎம்101 என்ற பிளாஸ்மிட், அதாவது தனியாக இருக்கும் சிறு மரபணு வளையம், உண்டு. அது அவசரகதியில், பிழையோடு பழுதுபார்க்கும். மொத்தத்தில், கதவைத் திறந்து வைத்து, காவலாளியை அனுப்பிவிட்டு, கணக்கு எழுதத் தெரியாத கணக்கரை உட்கார வைத்த வீடு.

முந்தைய வாரம்: விதையைப் பாருங்கள்

விதை சரியில்லாமல் நாற்றைக் குறை சொல்லிப் பயனில்லை. உறைய வைத்த குப்பியிலிருந்து எடுத்த பாக்டீரியா, பெயர்ச்சீட்டில் எழுதியிருக்கும் பாக்டீரியாதானா என்று பார்க்காமல் தொடங்காதீர்கள்.

ஹிஸ்டிடின் இல்லாமல் பயோட்டின் மட்டும் உள்ள தட்டில் கீற்றினால் வளரக் கூடாது. இரண்டும் இருந்தால் வளர வேண்டும். கிரிஸ்டல் வயலெட் நனைத்த வட்டத் தாளைச் சுற்றி வெற்று வளையம் தெரிய வேண்டும். தெரிந்தால் வெளியுறை சிதைந்திருக்கிறது என்று பொருள். பாதித் தட்டை மூடிவிட்டுச் சில நொடிகள் புற ஊதா ஒளி காட்டினால், மூடாத பாதியில் பாக்டீரியா சாக வேண்டும். டிஏ102 மட்டும் தாக்குப்பிடிக்கும். ஆம்பிசிலின் வட்டத் தாளைச் சுற்றி டிஏ98, டிஏ100 தாராளமாக வளர வேண்டும். வளராவிட்டால் பிளாஸ்மிட் தொலைந்துவிட்டது. டிஏ102 டெட்ராசைக்ளினையும் தாங்க வேண்டும்.

கடைசியாக, தானாக மீளும் எண்ணிக்கை. எந்த ரசாயனமும் இல்லாமலே ஒவ்வொரு வகையிலும் சில பாக்டீரியாக்கள் மீளும். டிஏ98க்கு ஏறத்தாழ 20 முதல் 50, டிஏ100க்கு 100 முதல் 200, டிஏ1535க்கும் டிஏ1537க்கும் 5 முதல் 20. இவை பொதுவான வரம்புகள்; உங்கள் ஆய்வகத்துக்கென்று ஒரு பழக்கமான எண் இருக்கும், பழைய குறிப்பேட்டைப் புரட்டிப் பாருங்கள். டிஏ100 தட்டில் 15 காலனிதான் வருகிறது என்றால் குப்பி மாறியிருக்கலாம். எங்கள் ஆய்வகத்தில் ஒருமுறை மாறியிருந்தது. யார் மாற்றியது என்ற விசாரணை, சோதனையைவிட நீண்ட நாள் நடந்தது.

திங்கள்: அடி அகார்

குளுக்கோஸும் உப்புகளும் மட்டும் உள்ள குறைந்தபட்ச அகார். தட்டுக்கு ஏறத்தாழ 25 மில்லிலிட்டர். உப்புக் கரைசலையும் குளுக்கோஸையும் அகாரோடு சேர்த்து, அழுத்த நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் வைக்காமல் தனித்தனியாக வைத்துப் பிறகு கலக்குங்கள். சமமான மேசையில் ஊற்றுங்கள். ஒருபுறம் சாய்ந்த தட்டில் காலனியும் சாய்ந்தே வரும். இதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றுமில்லை.

செவ்வாய் மாலை: கல்ச்சர்

ஊட்டக் குழம்பில் பாக்டீரியாவை விட்டு 37 டிகிரியில் ஆட்டிக்கொண்டே இரவு முழுவதும் வளர்ப்பது. காலையில் ஒரு மில்லிலிட்டரில் நூறு கோடி அளவுக்கு உயிருள்ள செல்கள் வேண்டும். பத்து, பன்னிரண்டு மணி நேரம் போதும். மதியம் நான்கு மணிக்கே வைத்துவிட்டு வீட்டுக்குப் போனால் மறுநாள் காலை பாக்டீரியா கிழடுதட்டியிருக்கும். எண்ணிக்கை இருக்கும், துடிப்பு இருக்காது. இன்குபேட்டருக்கு டைமர் இருந்தால் நள்ளிரவுக்குச் சற்று முன் தொடங்கும்படி வையுங்கள்.

புதன்: முக்கியமான நாள்

கையுறையை மாட்டும் முன் மூன்று எச்சரிக்கைகள். சால்மோனெல்லா, பலவீனப்படுத்தப்பட்டதாக இருந்தாலும், சால்மோனெல்லாதான். ஆய்வகத்தில் டீ குடிக்கிற வழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள். இரண்டாவது, கரைப்பானாகப் பயன்படும் டைமெத்தில் சல்ஃபாக்சைடு தோலுக்குள் எளிதாகப் புகும், தன்னில் கரைந்திருப்பதையும் கூட்டிக்கொண்டு போகும். மூன்றாவது சோடியம் அசைடு. டிஏ100க்குக் கட்டுப்பாட்டுப் பொருளாகத் தினமும் கையாளுவதால் அலட்சியம் வந்துவிடும். அமிலத்தோடு சேர்ந்தால் நச்சு வாயு வரும். சிங்க்கில் ஊற்றினால் செம்பு, ஈயக் குழாய்களில் வெடிக்கக்கூடிய உப்பாகப் படியும். தனிப் பாட்டிலில் சேர்த்து, விதிப்படி அப்புறப்படுத்துங்கள். கட்டுப்பாட்டுப் பொருள்கள் பலவும் புற்றுநோயோடு தொடர்புள்ளவை. நீங்கள் சோதிக்கும் பொருள் என்னவென்று தெரியாது. இவை என்னவென்று நன்றாகவே தெரியும்.

இனி எஸ்9, அதாவது கல்லீரல் சாறு. ஏம்ஸ் சோதனையின் பாதி மூளை இதில்தான் இருக்கிறது.

பென்சோபைரீன் என்ற பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். சிகரெட் புகையிலும் கரிப்புகையிலும் உள்ளது. அதை நேரடியாகப் பாக்டீரியா மேல் போட்டால் சும்மா கிடக்கும். உடலுக்குள் போனால் கல்லீரல் அதைச் சிறுநீரில் கரைத்து வெளியேற்றப் பார்க்கும், அதற்காக ஆக்சிஜனைச் சேர்க்கும். அந்த வேலை நடக்கும் வழியில், பாதியில், மரபணுவைக் கடிக்கும் ஒரு பொருள் பிறந்துவிடுகிறது. நஞ்சை அகற்றப் போன இடத்தில் நஞ்சு உண்டாகிறது. பாக்டீரியாவுக்குக் கல்லீரல் கிடையாது. ஆகவே எலியின் கல்லீரலை அரைத்து, புவியீர்ப்பைப்போல் 9,000 மடங்கு விசையில் சுழற்றி, மேலே நிற்கும் திரவத்தை எடுத்துத் தட்டிலேயே சேர்த்துவிட்டார் ஏம்ஸ். பெயரில் உள்ள 9 அந்த ஒன்பதாயிரம்தான். கல்லீரல் சாற்றை இப்படிப் பயன்படுத்தலாம் என்று அவருக்குச் சற்று முன்பே காட்டியவர் ஹைன்ரிக் மாலிங். அதை எல்லோரும் செய்யக்கூடிய தட்டாக மாற்றியது ஏம்ஸ்.

எஸ்9 திரவத்தோடு என்ஏடிபி, குளுக்கோஸ்-6-பாஸ்பேட், மக்னீசியம், பொட்டாசியம் உப்புகள், பாஸ்பேட் தாங்கல் கரைசல் சேர்த்துக் கலவை தயாரியுங்கள். பனிக்கட்டியில் வைத்தே தயாரியுங்கள், பனிக்கட்டியில் வைத்தே பயன்படுத்துங்கள். உருகிய குப்பியை மறுபடி உறைய வைக்காதீர்கள். நொதி செத்தால் தட்டு உங்களுக்குச் சொல்லாது. எல்லாப் பொருளும் நல்ல பிள்ளையாகத் தெரியும். எஸ்9 வேலை செய்தால் மட்டுமே காலனி தரும் 2-அமினோஆந்த்ரசீன் போன்ற கட்டுப்பாட்டுப் பொருளை ஒரு நாளும் தவிர்க்காதீர்கள்.

இனி ஊற்றும் முறை. மேல் அகாரை உருக்கி, துளி ஹிஸ்டிடினும் பயோட்டினும் சேர்த்து, 45 டிகிரி நீர்த்தொட்டியில் சிறு குழாய்களில் 2 மில்லிலிட்டர் வீதம் வையுங்கள். ஒவ்வொரு குழாயிலும் சோதிக்கும் பொருள் 0.1 மில்லிலிட்டர், பாக்டீரியா 0.1 மில்லிலிட்டர், எஸ்9 கலவை அல்லது வெறும் தாங்கல் 0.5 மில்லிலிட்டர். மெதுவாகக் கலக்கி, உடனே தட்டில் ஊற்றி, தட்டைச் சுழற்றிப் பரப்புங்கள். சில நொடிகளில் முடிய வேண்டும். தோசை மாவை ஊற்றிவிட்டு யோசிக்க முடியாது, இதுவும் அப்படித்தான். குழாய் சூடாக இருந்தால் பாக்டீரியா சாகும், ஆறிவிட்டால் கட்டி கட்டியாக விழும்.

துளி ஹிஸ்டிடின் எதற்கு என்று கேட்க வேண்டும். சடுதிமாற்றம் நிலைக்க மரபணு ஒருசில முறையாவது பிரதியெடுக்கப்பட வேண்டும். அந்தச் சில தலைமுறைகளுக்கு மட்டும் சாப்பாடு. அது தீர்ந்ததும், மீளாதவை அப்படியே நின்றுவிடும். அவை தட்டு முழுவதும் மங்கலான ஒரு படலமாகத் தெரியும். ஆய்வகத்தில் அதை லான் என்போம், புல்வெளி என்ற பொருளில். அந்த லான்தான் வெள்ளிக்கிழமை உங்களைக் காப்பாற்றப் போகிறது.

சில பொருள்களுக்கு, அகாரில் கலப்பதற்கு முன் பாக்டீரியா, பொருள், எஸ்9 மூன்றையும் 20 முதல் 30 நிமிடம் ஒன்றாக விட்டு வைப்பது நல்லது. 2018இல் வால்சார்டன் என்ற ரத்த அழுத்த மருந்தில் நைட்ரோசமீன் கலப்பு கண்டுபிடிக்கப்பட்டு உலகெங்கும் மருந்து திரும்பப் பெறப்பட்டது நினைவிருக்கலாம். அந்தக் குடும்பத்துப் பொருள்கள் வழக்கமான தட்டுமுறையில் நழுவிவிடக்கூடும். அதனால் அவற்றுக்கு முன்கூட்டியே ஊறவைக்கும் முறையையும், எலியின் எஸ்9ஓடு வெள்ளெலியின் எஸ்9ஐயும், அதுவும் கூடுதல் அளவில், ஒழுங்காற்று அமைப்புகள் கேட்கின்றன.

அகார் இறுகியதும் தட்டுகளைக் கவிழ்த்து 37 டிகிரியில் வையுங்கள். 48 முதல் 72 மணி நேரம். இடையில் திறந்து பார்க்கும் ஆவல் வரும். வேண்டாம்.

வெள்ளி: எண்ணும் முன் பாருங்கள்

தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, முதலில் லானைப் பாருங்கள். காலனிகளைப் பிறகு பார்க்கலாம். இந்த ஒன்றைக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு கீரை தேவைப்பட்டது.

லான் கட்டுப்பாட்டுத் தட்டில் இருப்பதுபோலவே இருந்தால் மேலே போகலாம். மெலிந்திருந்தால், ஓட்டை விழுந்திருந்தால், பொருள் பாக்டீரியாவைக் கொன்றிருக்கிறது. அப்போது ஒரு வேடிக்கை நடக்கும். பெரும்பாலானவை செத்துப்போனதால், தப்பியவற்றுக்குத் துளி ஹிஸ்டிடினில் பெரிய பங்கு கிடைக்கும். பந்தியில் பாதிப் பேர் எழுந்துபோனால் மீதிப் பேருக்கு இரண்டாம் முறை பாயசம் வருவதுபோல. அவை கொஞ்சம் அதிகமாகப் பெருகி ஊசிமுனைப் புள்ளிகளாகத் தெரியும். நூற்றுக்கணக்கில் இருக்கும், பார்த்தால் காலனி போலவே இருக்கும். ஆனால் அவற்றில் எதுவும் மீளவில்லை. சந்தேகம் இருந்தால் சிலவற்றைக் கீற்றி ஹிஸ்டிடின் இல்லாத புதிய தட்டுக்கு மாற்றுங்கள். உண்மையில் மீண்டது வளரும்.

லான் வழக்கத்தைவிடத் தடித்திருந்தால்? அதுதான் என் கீரை. டிஏ100இன் கரைப்பான் தட்டில் 120 காலனி, கீரைச் சாறு சேர்த்ததில் எண்ணி மாளவில்லை. அளவு கூடக் கூட எண்ணிக்கையும் கூடிக்கொண்டே போனது. டிஏ98, டிஏ100 இரண்டிலும், எஸ்9 இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒரே மாதிரி. எழுதி எடுத்துக்கொண்டு மேற்பார்வையாளர் அறைக்கு ஓடினேன். அவர் எண்களைப் பார்க்கவே இல்லை. "லான் எப்படி இருந்தது?" என்று கேட்டார். கீரையில் புரதம் உண்டு, அமினோ அமிலங்கள் உண்டு, ஹிஸ்டிடினும் உண்டு. பட்டினி போட வேண்டிய பாக்டீரியாவுக்கு நான் கீரைக் கூட்டு பரிமாறியிருக்கிறேன். நம் ஊர்க் கல்லூரிகளில் மூலிகைச் சாறுகளை இந்தச் சோதனைக்கு உட்படுத்துகிற மாணவர்கள் ஏராளம். அவர்கள் எல்லோரும் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். உணவு, மூலிகை, சிறுநீர் போன்ற மாதிரிகளுக்கு, பாக்டீரியாவைத் திரவத்தில் பொருளோடு கொஞ்ச நேரம் வைத்து, சுழற்றிக் கழுவி, பிறகு தட்டில் ஊற்றும் முறை உண்டு. அதைச் செய்யுங்கள்.

லான் பார்த்தாயிற்று, பொருள் படிந்து துகளாக நிற்கிறதா என்று பார்த்தாயிற்று. இப்போது எண்ணுங்கள். கட்டுப்பாட்டுத் தட்டுகள் வரம்புக்குள் இல்லாவிட்டால் அந்த நாளின் எல்லாத் தட்டுகளும் செல்லாது. மனம் கேட்காது, ஆனாலும் செல்லாது. வழக்கமான அளவுகோல், மீண்ட காலனிகள் கரைப்பான் தட்டைவிட இரண்டு மடங்கு. காலனி குறைவாக வரும் டிஏ1535, டிஏ1537 வகைகளுக்கு மூன்று மடங்கு. அதோடு அளவு கூடும்போது எண்ணிக்கையும் கூட வேண்டும், மறுமுறை செய்தாலும் வர வேண்டும். உச்ச அளவில் திடீரென்று எண்ணிக்கை விழுந்தால் கலங்காதீர்கள். பாக்டீரியா சாகத் தொடங்கியிருக்கும். லானில் அது முன்பே தெரிந்திருக்கும்.

சனி: என்ன எழுதுவது

இங்கேதான் புதியவர்களைவிட அனுபவசாலிகள் அதிகம் தவறுகிறார்கள்.

1975 வாக்கில் பெர்க்லி குழு ஏறத்தாழ 300 பொருள்களைச் சோதித்து, புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களில் சுமார் 90 சதவீதம் தட்டில் பிடிபடுகின்றன என்றது. அதே ஆண்டில் 169 நிரந்தரத் தலைச்சாயங்களைப் பார்த்ததில் 150 சடுதிமாற்றிகள். 1977இல் ஏம்ஸும் ஆர்லின் புளூமும், அமெரிக்கக் குழந்தைகளின் இரவு உடைகளில் தீப்பிடிக்காமல் இருக்கச் சேர்த்த ட்ரிஸ் என்ற பொருள் சடுதிமாற்றி என்று எழுதினார்கள். அந்த ஏப்ரலிலேயே அந்த உடைகளில் அது தடை செய்யப்பட்டது. பின்னர் அதன் சிதைபொருள் குழந்தைகளின் சிறுநீரிலும் இருந்தது தெரிந்தது. புளூம் மலையேறுபவரும்கூட, அடுத்த ஆண்டு அன்னபூர்ணாவுக்குப் பெண்கள் குழுவை வழிநடத்தியவர் அவர்தான். ஜப்பானில் ஏஎஃப்-2 என்ற உணவுப் பதப்பொருள், டோஃபுவிலும் மீன் சாசேஜிலும் 1965 முதல் சேர்த்துவந்தது, பாக்டீரியாச் சோதனையில் சிக்கிய பிறகு 1974இல் நிறுத்தப்பட்டது.

இவற்றைப் படித்துவிட்டுத் தட்டு சொல்வதே தீர்ப்பு என்று நினைத்துவிடுவோம். 1987இல் அமெரிக்காவின் தேசிய நச்சியல் திட்டம், எலிகளில் சோதித்த 73 பொருள்களைத் தட்டோடு ஒப்பிட்டது. எலிகளுக்குப் புற்றுநோய் தந்தவற்றில் பாதிக்கும் குறைவானவையே தட்டில் தெரிந்தன. முதல் பட்டியலில் மரபணுவைத் தாக்கும் பழைய பெரும் குற்றவாளிகள் நிறைய இருந்தார்கள், அவ்வளவுதான். மரபணுவில் நேரடியாக எழுத்தை மாற்றாமல் வேறு வழிகளில் புற்றுநோய்க்கு வழிவிடும் ஆஸ்பெஸ்டாஸ், டையாக்சின், ஹார்மோன்கள் போன்றவற்றை இந்தத் தட்டு பார்க்காது. மறுபக்கம், சில நைட்ரோ சேர்மங்களைப் பாக்டீரியாவின் சொந்த நொதிகளே தூண்டிவிடும்; மனித உடலில் அந்த அளவுக்கு நடக்காமல் போகலாம்.

ஏம்ஸே பிற்காலத்தில் வேறு பக்கம் திரும்பினார். லோயிஸ் கோல்டுடன் சேர்ந்து விலங்குச் சோதனை முடிவுகளைத் திரட்டி, 1987இல் மனிதர் உட்கொள்ளும் அளவை எலிக்குப் புற்றுநோய் தந்த அளவோடு ஒப்பிட்டு ஒரு தரவரிசை வெளியிட்டார். 1990இல், அமெரிக்கர் உணவில் உட்கொள்ளும் பூச்சிக்கொல்லிகளில் எடைப்படி 99.99 சதவீதம் செடிகள் தங்களைக் காத்துக்கொள்ளத் தாமே தயாரிப்பவை என்று எழுதினார். அவற்றில் விலங்குகளில் சோதித்த 52இல் 27 எலிகளுக்குப் புற்றுநோய் தந்தன. செயற்கைப் பொருளென்றால் நஞ்சு, இயற்கையென்றால் அமுது என்ற பிரிவினையை அது உடைத்தது. தொழிற்சாலைகளுக்குச் சாதகமாகப் பேசுகிறார் என்று சக விஞ்ஞானிகள் பலர் சினந்தார்கள். என் கருத்து, அவர் உணவில் மிஞ்சும் பூச்சிக்கொல்லி எச்சங்களைப் பற்றிச் சொன்னதைத் தொழிற்சாலைக்குள் நிற்பவருக்கும் பொருத்தியவர்கள்தான் தவறு செய்தார்கள். அவருடைய தரவரிசையிலேயே எத்திலீன் டைபுரோமைடைச் சுவாசித்த தொழிலாளர்கள் உச்சியில் இருந்தார்கள். 'அளவுக்கு மிஞ்சினால்' என்று நாம் எல்லோரும் ஒப்பிக்கிறோம், அளவு எவ்வளவு என்று கேட்பவர் குறைவு.

ஆகவே அறிக்கையில் இவ்வளவு மட்டும் எழுதுங்கள்: இன்ன பொருள், இன்ன அளவிலிருந்து இன்ன அளவு வரை, எஸ்9 உடன் டிஏ98 வகையில் சடுதிமாற்றம் ஏற்படுத்தியது, மற்ற வகைகளில் ஏற்படுத்தவில்லை. புற்றுநோய் என்ற சொல் அந்த வாக்கியத்தில் வேண்டாம். ஒன்றும் நடக்காவிட்டால், 'பாதுகாப்பானது' என்ற சொல்லும் வேண்டாம். அடுத்து விலங்குச் செல்களில் பார்ப்பதா, குரோமோசோம்களைப் பார்ப்பதா என்பதை அந்த வாக்கியத்தை வைத்து மற்றவர்கள் முடிவு செய்வார்கள்.

தட்டுகளை 121 டிகிரியில் ஆட்டோகிளேவ் செய்து அப்புறப்படுத்தும் முன், ஒவ்வோர் அளவிலிருந்தும் ஒரு தட்டைக் கறுப்புத் துணிமேல் வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். திங்களன்று மேற்பார்வையாளர் எண்களைப் பார்க்க மாட்டார். லான் எப்படி இருந்தது என்றுதான் கேட்பார்.